ஆறாவது கழுத்தெலும்பும் ஒரு ஹெல்மெட்டும்

கழுத்தில் அடிபட்டுப் படுத்திருந்த நாட்களில் என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "ஹெல்மெட் போட்டிருந்துமா இப்படி ஆச்சு?" மல்லாந்து படுத்தபடி அதற்குப் பதில் சொல்லும் தெம்பு அப்போது எனக்கு இல்லை. இப்போது கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டார்கள். குனிந்து எழுத முடிகிறது. கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சேர்த்து, நடந்ததை முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் துணியின் தரம் பார்ப்பது என் வேலை. ஒரே இடத்தில் உட்கார்ந்து செய்கிற வேலை அல்ல. துணி பின்னும் இடம், சாயப் பட்டறை, பிரிண்டிங் என்று ஒரு நாளைக்கு நாலு இடம் போய்வர வேண்டும். குண்டும் குழியுமான சந்துகளில் ஸ்கூட்டியின் சின்னச் சக்கரம் படுத்திய பாட்டில், என் கணவர் கதிர்வேலின் பழைய பைக்கை நான் எடுத்துக்கொண்டேன். அவர் பிரிண்டிங் பட்டறை வைத்திருக்கிறார். பெண்பிள்ளை பைக் ஓட்டுவது பற்றி அவருக்கு ஒன்றுமில்லை. அவருடைய அக்காவுக்குத்தான் மனசே ஒப்பவில்லை. கணவரின் அக்காவை எங்கள் பக்கம் நங்கையா என்போம். நங்கையா ஊத்துக்குளியில் மாடு வைத்து வெண்ணெய் வியாபாரம் செய்கிறவர். என்னைப் பைக்கில் பார்க்கிற போதெல்லாம், "பாத்துப் போ கண்ணு" என்று சொல்லிவிட்டு, நான் தெருமுனை திரும்புகிற வரைக்கும் வாசலிலேயே நிற்பார்.

ஹெல்மெட் வாங்கும்போது தாடையையும் சேர்த்து மூடுகிற முழு ஹெல்மெட்டாக வாங்கினேன். பெரிய யோசனை எதுவும் இல்லை. பல்லடம் ரோட்டுத் தூசியும் பஞ்சும் மூக்கில் ஏறக் கூடாது என்பதுதான். "அரை ஹெல்மெட்டே போதும், காத்தோட்டமா இருக்கும்" என்றார் கணவர். அவர் அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தார். என்னுடையது கொஞ்சம் தளர்வாக இருந்தது. கடைக்காரர், "போகப் போக செட் ஆயிருமுங்க" என்றார். போகப் போக இன்னும் தளர்ந்ததே தவிர, செட் ஆகவில்லை.

அன்று காலை பல்லடத்துக்குப் பக்கத்தில் ஒரு நிட்டிங் கம்பெனியில் துணியைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் துணி ரோல்களை அடுக்கிக் கட்டிய ஒரு சரக்கு ஆட்டோ. வேகத்தடையில் அது ஏறி இறங்கியபோது கயிறு நழுவி ஒரு ரோல் உருண்டு விழுந்தது. ஆள் உயரத் துணி ரோல், தலையணை போல மெத்தென்றுதான் இருக்கும். ஆனால் முன்சக்கரத்துக்கு அது பாறாங்கல் மாதிரிதான். வண்டி அங்கேயே நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை. கைப்பிடிக்கு மேலாகப் பறந்து போய் முகம் குப்புற விழுந்து, தாடை தரையில் உரசிக்கொண்டே இழுபட்டேன். அந்தச் சத்தம் மட்டும் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. கரகரவென்று, தகரத்தை ரோட்டில் இழுப்பது போல.

வலி உடனே வரவில்லை. வலது கைக் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் மின்சாரம் பாய்வது போல ஜிவ்வென்று ஒரு குறுகுறுப்பு. பிறகு அந்த இரண்டு விரல்களும் இருக்கிற இடமே தெரியவில்லை.

யாரோ என்னைப் புரட்டிவிட்டார்கள். ஆட்டோ ஓட்டி வந்த தம்பி ஓடிவந்து மண்டியிட்டான். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், முகம் வெளுத்துப் போயிருந்தான். "ஏக்கா, ஹெல்மெட்ட களட்டிருவோமா? மூச்சு முட்டும்லா?" என்று இரண்டு கையாலும் பிடித்தான்.

எங்கள் கம்பெனியில் வருஷா வருஷம் முதலுதவி வகுப்பு நடக்கும். வெளிநாட்டு வாடிக்கையாளர் தணிக்கைக்கு வருவதால் நடத்தியே ஆக வேண்டிய வகுப்பு. பாதிப் பேர் தூங்குவோம். அதில் எனக்கு நினைவில் நின்ற ஒரே விஷயம் அப்போது வாயில் வந்தது. "கழட்டாதே தம்பி. கண்ணாடிய மட்டும் மேல தூக்கு. தலைய அசைக்காதே."

சுற்றி நின்றவர்கள் விடவில்லை. "தண்ணியாவது குடிக்கட்டுங்க." "கழட்டுனாத்தானுங்க காத்து வரும்." ஒருவர் என் தோளைத் தூக்கப் பார்த்தார். அந்தத் தம்பி அவர் கையைப் பிடித்துத் தடுத்தான். "அந்தக்கா வேண்டாம்னு சொல்லுதாங்கல்லா. ஒருத்தரும் தொடாதீங்க." பிறகு விழுந்து கிடந்த ரோலிலிருந்து துணியை இழுத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை எனக்கு வெயில் படாமல் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் மேல் எனக்குக் கோபம் வரவே இல்லை. வர வேண்டிய நேரத்தில் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

மருத்துவமனையில் ஹெல்மெட்டை இரண்டு பேர் சேர்ந்து கழற்றினார்கள். ஒருவர் கீழிருந்து கழுத்தின் பின்புறத்தையும் தாடையையும் அசையாமல் தாங்கிப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் வாரை அவிழ்த்து, ஹெல்மெட்டின் இரண்டு பக்கத்தையும் விரித்துப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக உருவினார். வெளியே வந்ததும் கழுத்தில் கெட்டியான பட்டையை மாட்டிவிட்டார்கள். அதன்பிறகு சில நாட்கள் நான் பார்த்ததெல்லாம் மேல்கூரை மட்டும்தான். ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது விளக்கு, மின்விசிறி, விளக்கு, நீர் கசிந்த கறை, மறுபடி விளக்கு.

ஸ்கேன் அறைக்கு வெளியே காத்திருந்தபோது கணவர் வந்து சேர்ந்தார். அவர் முகம் எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. பட்டறையிலிருந்து அப்படியே வந்திருக்கிறார், கையெல்லாம் நீலச் சாயம்.

"கோகிலா, நாந்தான். தெரியுதா?"

"தெரியுதுங்க. விரல்தான் தெரியலைங்க."

அவர் என் வலது கையின் அந்த இரண்டு விரல்களையும் பிடித்துக்கொண்டார் என்பது எனக்குத் தெரியவில்லை. பிறகு அவர் சொல்லித்தான் தெரிந்தது. துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தே கனம் சொல்லிவிடுகிறவள் நான். பிழைத்தேனா என்பதைவிட, இந்த இரண்டு விரல் போய்விட்டால் என்ன செய்வது என்பதுதான் அந்த நடைபாதையில் என்னைப் பிடித்து ஆட்டியது.

எலும்பு மருத்துவர் அன்று மதியம் வந்து படங்களைக் காட்டி விளக்கினார். ஈரோட்டுப் பக்கத்துக்காரர், அவசரமில்லாத பேச்சு. "கழுத்துல ஏழு எலும்புங்க. ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி வெச்ச மாதிரி. அதுக்கு நடுவுல தண்டுவடம், மூளையிலிருந்து கீழ வர்ற பெரிய நரம்புக் கயிறு. உங்களுக்கு ஆறாவது எலும்பு ஓரத்துல விரிசல். எலும்பு எடம் நகரல. தண்டுவடத்துக்கு ஒண்ணும் ஆகல. அதிலிருந்து கைக்குப் போற கிளை நரம்பு ஒண்ணு நசுங்கி வீங்கியிருக்குது. அதுதான் விரல் மரத்துப் போச்சு."

"சரியாயிருமுங்களா?" என்று கேட்டார் கணவர்.

"வீக்கம் வத்தணும். கை பலம் கொறையாம இருந்தா பட்டையோட விட்டுறலாம். கொறைஞ்சா முன்பக்கமா அறுத்து, தகடு வெச்சு எலும்பச் சேக்கணும். ரெண்டு மூணு நாள் பாப்போமுங்க."

அந்த நாட்கள்தான் இந்தக் கதையில் மிக நீளமானவை. காலையிலும் மாலையிலும் மருத்துவர் வந்து, மணிக்கட்டை மேலே தூக்கச் சொல்லித் தன் கையால் கீழே அழுத்துவார். நான் எதிர்த்துப் பிடிக்க வேண்டும். முதல் நாள் என் கை ஈரத் துணி போல மடிந்தது. மறுநாளும் அப்படித்தான். அவர் குறிப்பு எழுதிவிட்டுப் போனார். அவர் செருப்புச் சத்தம் தேய்ந்து மறைகிறவரை நானும் கணவரும் கேட்டுக்கொண்டிருந்தோம். பக்கம் திரும்ப வேண்டுமென்றால் நான்கு பேர் வந்து, தலையும் உடம்பும் ஒரே நேர்கோட்டில் இருக்க, மரக்கட்டையை உருட்டுவது போல உருட்டுவார்கள். முதுகு அரித்தால்கூட அதற்கு ஒரு ஆளைக் கூப்பிட வேண்டும்.

இதற்குள் நங்கையா ஊத்துக்குளியிலிருந்து வந்துவிட்டார். மாடுகளைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு, ஒரு பை நிறைய துவைத்த பழைய வேட்டித் துணிகளோடு வந்தார். வந்ததும் பட்டையின் உள்பக்கப் பஞ்சைத் தொட்டுப் பார்த்தார். வேர்வையில் நனைந்திருந்தது. நர்ஸிடம் கேட்டு, என் தலையை அவர்கள் பிடித்துக்கொண்டிருக்கும்போது பஞ்சை மாற்றக் கற்றுக்கொண்டார். கழற்றியதைத் துவைத்து ஜன்னலில் காயப்போட்டார். கழுத்துக்கும் பட்டைக்கும் நடுவில் மெல்லிய வேட்டித் துணியைச் செருகினார். அந்தப் பங்குனி வெயிலில் அதைவிடப் பெரிய உபகாரம் யாரும் எனக்குச் செய்யவில்லை.

எங்கள் மகள் மதி, எட்டாவது படிக்கிறாள், பள்ளி விட்டதும் வருவாள். எனக்குக் கூரை தவிர எதுவும் தெரியவில்லை என்பதைப் புரிந்துகொண்டு, கைபேசியில் கேமராவைத் திறந்து என் முகத்துக்கு மேலே பிடிப்பாள். "இதும்மா ஜன்னல். கீழ ஒருத்தர் கம்மங்கூழ் விக்கிறார். இது பக்கத்துப் பெட் அம்மா, கை ஆட்டறாங்க பாரு." அவள் கை வலிக்கிறவரை நான் உலகத்தைப் பார்ப்பேன்.

ஆனால் நங்கையாவுக்கு மனசில் ஒரு கோபம் இருந்தது. அது என் மேல் அல்ல, ஹெல்மெட் மேல். எனக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே என் கணவரிடம் சொன்னார். "அத்தாம் பெரிய கொடத்தத் தலையில கவுத்துக்கிட்டுப் போனா கழுத்து ஒடியாம என்ன பண்ணும்? தலை தப்பிச்சுது, கழுத்து மாட்டிக்கிச்சு. ஊருக்குள்ள எல்லாரும் அதத்தான் சொல்றாங்க."

கணவரும் தலையாட்டினார். "எனக்கும் அப்படித்தான் தோணுது. வண்டியவே வித்தறலாம்னு இருக்கேன்."

எனக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. அன்று மாலை மருத்துவர் வந்தபோது அவரிடமே கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "நெறையப் பேரு அப்படித்தான் நெனைக்கறாங்க. ஹெல்மெட் கழுத்த ஒடிக்காதுங்க. உங்களத் தூக்கி எறிஞ்ச வேகம் ஒடிச்சுது. ஹெல்மெட் இல்லாட்டி நான் இப்ப கழுத்தப் பத்திப் பேசிட்டு இருக்க மாட்டேன். தலை ஸ்கேன் சுத்தமா இருக்குது. தாடை ஒடையல. ஒரு பல்லு போகல." பிறகு என் நெற்றியோரச் சிராய்ப்பைத் தொட்டுக் காட்டினார். "இது மட்டும் ஹெல்மெட் வேலைதான். தொளதொளன்னு இருந்திருக்குது. ஆடி ஆடி உரசியிருக்குது. அளவு சரியில்லைன்னு அர்த்தம்."

அவர் போன பிறகு நங்கையா கட்டிலுக்கு அடியில் குனிந்தார். அவசர சிகிச்சைப் பிரிவில் என் பொருட்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதிலிருந்து ஹெல்மெட்டை எடுத்தார். மதி கைபேசியைத் திருப்பிப் பிடித்திருந்ததால் எனக்கும் தெரிந்தது. தாடைப் பகுதியில் பெயின்ட் போய், பிளாஸ்டிக் போய், ஒரு உள்ளங்கை அகலத்துக்கு உள்ளேயிருக்கிற தெர்மக்கோல் வரைக்கும் தேய்ந்திருந்தது. நங்கையா தேய்ந்த இடத்தை விரலால் ஒருமுறை தடவினார். பிறகு அதே விரலால் என் தாடையைத் தடவினார். ஹெல்மெட்டைத் திரும்பப் பையில் போட்டு, கட்டிலுக்கு அடியில் அல்ல, அலமாரியில் வைத்தார்.

மறுநாள் காலை மருத்துவர் மணிக்கட்டை அழுத்தினார். நான் தாங்கிப் பிடித்தேன். அவர் இன்னும் அழுத்தினார். மடியவில்லை. "ம்" என்றார். ஒரு ஊசி முனையால் கட்டைவிரலைத் தொட்டு, "குத்துதுங்களா?" என்றார். குத்தியது. வலி இவ்வளவு நல்ல சமாசாரமாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

"ஆபரேஷன் வேண்டாமுங்க. பட்டையோட ஊட்டுக்குப் போலாம்."

கணவர் வெளியே நடைபாதைக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து முகம் கழுவிய ஈரத்தோடு வந்து, இன்சூரன்ஸ்காரர்கள் ஒப்புதல் அனுப்பிவிட்டார்கள் என்றார். அதற்காக இரண்டு நாளாக அவர் கவுன்டருக்கும் கட்டிலுக்குமாக நடந்ததை நங்கையா சொல்லித்தான் அறிந்தேன். ஆட்டோ ஓட்டி வந்த தம்பியும் அன்று ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து கதவோரம் நின்றான். "விரலு வந்துட்டாக்கா?" என்று மட்டும் கேட்டான். நான் கட்டைவிரலை அசைத்துக் காட்டினேன். உட்காரச் சொல்லியும் உட்காராமல், கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

வீட்டில் பட்டையோடு கழித்த வாரங்களில் சோற்றுத் தட்டைக் குனிந்து பார்க்க முடியாது. மதி, "சாம்பார் வலது பக்கம், பொரியல் எடது பக்கம்" என்று சொல்லச் சொல்ல, குத்துமதிப்பாக எடுத்துச் சாப்பிடுவேன். கணவரின் நண்பர் ஒருவர் விசாரிக்க வந்து, வீட்டு அலமாரியில் கொண்டுவந்து வைத்திருந்த ஹெல்மெட்டைப் பார்த்துவிட்டு, "தேஞ்சதுதானுங்க, ஒடையலையே. வேண்டாம்னா நான் எடுத்துக்கறேன்" என்றார். உள்ளே இருக்கிற தெர்மக்கோல் ஒருமுறை அடி வாங்கி நசுங்கினால் அவ்வளவுதான், மறுமுறை காப்பாற்றாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதை அந்த நண்பரிடம் சொன்னேன். அவர் போனதும் நங்கையா அரிவாள்மனையை எடுத்துவந்து ஹெல்மெட்டின் வாரை அறுத்துப்போட்டார். இனி யாரும் ஆசைப்பட முடியாது.

பட்டையைக் கழற்றிய நாளில் மருத்துவர், "எடது பக்கம் பாருங்க, வலது பக்கம் பாருங்க" என்றார். பயந்து பயந்து திருப்பினேன். இடது பக்கம் கணவர். வலது பக்கம் நங்கையா. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கழுத்து இறுகிப் போயிருந்தது, வலித்தது. ஆனால் திரும்பியது.

வண்டி ஓட்டலாமா என்று கேட்டேன். தசைகளுக்குப் பயிற்சி கொடுத்து, தோளுக்கு மேலாகப் பின்னால் வலியில்லாமல் பார்க்க முடிகிறபோது ஓட்டலாம் என்றார். ஓட்டும்போது கழுத்துக்கும் ஏதாவது மாட்டிக்கொள்ளலாமா, இந்தப் பட்டையையே போட்டுக்கொண்டால் என்ன என்றும் கேட்டேன். "வேண்டவே வேண்டாமுங்க. அது கழுத்த அசைய விடாம வெக்கற மருந்து, கவசம் இல்ல. அதப் போட்டா பக்கத்துல வர்ற பஸ் உங்களுக்குத் தெரியாது. பந்தயத்துல ஓட்டறவங்க கழுத்துக் கவசம் போடறாங்க, அது அவங்க உடுப்போட சேந்து வேலை செய்யறது. ஊருக்குள்ள போறதுக்கு, அளவான, கனம் கம்மியான, தர முத்திரை உள்ள முழு ஹெல்மெட் போதும். வாரை இறுக்கிப் போடுங்க. அதுதான் கழுத்துக்கும் நல்லது."

வாசலுக்கு வந்ததும் கணவர் மறுபடியும் வண்டியை விற்கிற பேச்சை எடுத்தார். நான் பதில் சொல்லுமுன் நங்கையா சொன்னார். "ஏன்டா, வண்டிய வித்துப்போட்டா அவ நாளைக்கு ஷேர் ஆட்டோல தொத்திக்கிட்டுப் போவா. அதுல உளுந்தா தலைக்கு என்னத்தப் போடுவே? அவ ஓட்டட்டும். நல்லதா ஒண்ணு வாங்கிக் குடு. நீயும் அந்த அரைச் சட்டியத் தூக்கி எறிஞ்சுட்டு ஒண்ணு வாங்கு."

கணவர் அக்காவையே பார்த்தார். நானும்தான்.

சில வாரம் கழித்து, தோளுக்கு மேலாக வலியில்லாமல் திரும்பிப் பார்க்க முடிந்ததும், மூன்று பேரும் ஹெல்மெட் கடைக்குப் போனோம். கடைக்காரர் முதலில் ஜரிகை போல மினுக்குகிற படம் போட்டவற்றை எடுத்து வைத்தார். நான் டேப் கேட்டு வாங்கி, புருவத்துக்கு மேலாகத் தலையைச் சுற்றி அளந்தேன். முந்தைய ஹெல்மெட் எனக்கு ஒரு அளவு பெரிது என்று அப்போதுதான் தெரிந்தது. சரியான அளவைப் போட்டதும் கன்னம் இரண்டும் உள்ளே அமுங்கி, மீன் வாய் போல ஆனது. "டைட்டா இருக்குதுங்களே, பெருசு தரட்டுமா?" என்றார் கடைக்காரர். வேண்டாம் என்றேன். தலையை ஆட்டினால் ஹெல்மெட் தனியாகச் சுழலாமல் கன்னத் தோலோடு சேர்ந்து திரும்பியது. வாரை மாட்டிக்கொண்டு, பின்பக்கத்தைப் பிடித்து முன்னால் தள்ளிப் பார்க்கச் சொன்னேன், கழன்று வருகிறதா என்று. கணவர் பயந்துகொண்டே தள்ளினார். வரவில்லை. போட்டபடியே ஒரு டீ ஆறுகிற நேரம் உட்கார்ந்தேன். நெற்றியில் எங்கேயும் குத்தவில்லை. ஒரே அளவில் இரண்டு இருந்தன. இரண்டிலும் தர முத்திரை இருந்தது. கையில் தூக்கிப் பார்த்து, கனம் குறைந்ததை எடுத்துக்கொண்டேன். கறுப்புக் கண்ணாடி அழகாக இருந்தது. ஆனாலும் பொழுது சாய்ந்து திரும்புகிறவளுக்கு அது ஆகாது என்று வெள்ளைக் கண்ணாடியே போதும் என்றேன்.

கணவரும் முழு ஹெல்மெட் எடுத்தார். பணம் கொடுக்கப் போகும்போது நங்கையா கடைக்காரரிடம் மெதுவாகச் சொன்னார்.

"எனக்கும் ஒண்ணு பாருங்க தம்பி."

ஊத்துக்குளியில் தன் மகன் வண்டியின் பின்னால் பாலுக்கும் வெண்ணெய்க்கும் தினம் போகிறவர் அவர். பின்னால் உட்காருகிறவளுக்கு எதற்கு என்று இத்தனை நாள் வெறுந்தலையோடு போனவர். கடைக்காரர் கொடுத்ததைப் போட்டார். இறங்கவில்லை. உச்சிக் கொண்டை தடுத்தது. பெரிய அளவைக் கொடுத்தார் கடைக்காரர். அது கொண்டையின் மேல் தொப்பி போல நின்றது. நான் அவரை ஸ்டூலில் உட்கார வைத்து, கொண்டையை அவிழ்த்து, கழுத்தோரம் தாழப் பின்னிவிட்டேன். ஹெல்மெட் சரியாக இறங்கி உட்கார்ந்தது. கடையின் நிலைக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டார். "பூ எங்க வெக்கறது?" என்று கேட்டார். கடைக்காரரும் யோசித்தார். "எறங்கி வெச்சுக்கலாமுங்க" என்றேன்.

அன்று நங்கையாவை ஊத்துக்குளியில் விட்டுவர வேண்டும். கணவர் கார் சொல்லட்டுமா என்றார். நங்கையா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் பைக்கின் பின்னால் வந்து நின்றார். "நீ ஓட்டு அம்மணி. நான் பிடிச்சுக்கறேன்." பல மாதத்துக்குப் பிறகு நான் கிக்கரை உதைத்தேன். கணவர் தன் ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்தார்.

ஊரைத் தாண்டியதும் முதல் வேகத்தடை. பிரேக் போட்டேன். நங்கையாவின் ஹெல்மெட் முன்னால் வந்து என் ஹெல்மெட்டின் பின்புறத்தில் டொக்கென்று இடித்தது. வண்டியை ஓரமாக நிறுத்தி, விரலில் அந்தக் குறுகுறுப்பு வருகிறதா என்று காத்திருந்தேன்.

"நோவுதா கண்ணு?"

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கைப்பிடியின் ரப்பரை, அதிலிருக்கிற ஒவ்வொரு வரியோடும், தெளிவாக உணர்ந்துகொண்டிருந்தன.

"இல்லீங்க நங்கையா."

"அப்பறம் ஏன் நிக்கறே? எருமைங்க கத்திட்டு இருக்கும், போ."

மறுபடி வண்டியை எடுத்தேன். ஊத்துக்குளி போய்ச் சேர்வதற்குள் இன்னும் எத்தனை முறை இடித்தாரோ தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் அவர் பின்னால் சிரித்துக்கொண்டே வந்தார்.